விபத்துக்கும் அறுவைக்கும் இடையே: செங்கல்பட்டு வட்டாரத்திலிருந்து ஒரு முழங்கால் வரலாறு

சாலை விபத்தில் முழங்கால் அடிபட்டவரின் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு, வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். மருத்துவர் தரும் பதில் பல வேளைகளில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். வீக்கம் வற்றட்டும், கால் முழுதாக நீளட்டும், தொடையில் பலம் வரட்டும், சர்க்கரை இறங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்பார். மருத்துவமனையில் இடமில்லாததால் தள்ளிப் போடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. வேறு மருத்துவமனைக்குப் போய் உடனே செய்துகொள்பவர்களும் உண்டு.

இந்தக் கட்டுரையை எழுதுபவனும் அப்படி நினைத்தவன்தான். மாமல்லபுரத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது குறுக்கே வந்த மாட்டுக்காக ஓட்டுநர் வண்டியை ஒடித்தார். கார் சாலையோரத் தடுப்பில் மோதியது. முன் இருக்கையில் இருந்த என் வலது முழங்கால் எதிரிலிருந்த பலகையில் இடித்தது. வயதால் ஏற்கெனவே தேய்ந்திருந்த மூட்டு அது, இப்போது உள்ளே நாரும் கிழிந்துவிட்டது. மூட்டு மாற்று அறுவை செய்ய வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்றார்கள். அந்த "இப்போது வேண்டாம்" எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்தவற்றையே இங்கே தொகுத்திருக்கிறேன். தேடல் லிவர்பூல், டோக்கியோ, சிகாகோ என்று அலைந்துவிட்டு, என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமணியில் வந்து நின்றதை நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு சாலைகள்

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிக்கப்பட்டது. அதன் ஊடாக இரண்டு பெருஞ்சாலைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஒன்று பழையது. தாம்பரம், மறைமலை நகர், செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர் வழியாகத் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் இச்சாலையை மக்கள் இன்றும் ஜி.எஸ்.டி. சாலை என்றே அழைக்கிறார்கள். மற்றது முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மீனவக் குப்பங்களையும் சவுக்குத் தோப்புகளையும் தொட்டுக்கொண்டு சென்ற சிறு சாலைகளை இணைத்து அகலப்படுத்தி உருவாக்கப்பட்டது இது. இரண்டையும் திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் சாலை குறுக்கே இணைக்கிறது.

பழைய சாலையின் மேலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் உள்ளன. கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே அடிபட்டவர்கள் வந்து சேரும் முதல் பெரிய அரசு மருத்துவமனை என்பதால், இந்த வட்டாரத்தில் "செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்" என்றால் விபத்து என்றுதான் பொருள்.

காரில் செல்பவருக்கு முழங்கால் அடிபடும் விதம் ஒன்று மருத்துவ நூல்களில் தனிப்பெயரோடு இருக்கிறது. வண்டி திடீரென நிற்கும்போது உடல் முன்னோக்கிச் சென்று, மடங்கிய முழங்கால் எதிர்ப்பலகையில் மோதுகிறது. முழங்கால் சில்லு உடையலாம். காலெலும்பு பின்னுக்குத் தள்ளப்பட்டு மூட்டின் நடுவே உள்ள பின்குறுக்கு நார் அறுந்துபோகலாம். அதே விசை தொடை எலும்பு வழியே மேலேறி இடுப்பு மூட்டை நழுவச் செய்யவும் கூடும். அதனால்தான் முழங்காலைக் காட்டி வலிக்கிறது என்பவரின் இடுப்பையும் மருத்துவர் சோதிக்கிறார். இருசக்கர வண்டியில் விழுபவருக்குக் கால் முறுக்கிக்கொள்வதால் முன்குறுக்கு நார் அறுவது மிகுதி.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நாரையும், மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பையும் நாம் ஒரே சொல்லால் ஜவ்வு என்கிறோம். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் மூன்றாவது பொருள். "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று வீட்டுக்கு வந்து சொல்பவரிடம் எந்த ஜவ்வு என்று கேட்டால் தெரியாது. சிகிச்சை மூன்றுக்கும் வேறு வேறு.

கட்டு

எலும்பு முறிந்தால் அசையாமல் கட்ட வேண்டும் என்பது எல்லா நாட்டு மருத்துவத்துக்கும் பொதுவான பழைய அறிவு. நம் பகுதியில் அதன் பெயர் புத்தூர் கட்டு. ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்துப் புத்தூருக்கு அருகிலிருந்து பரவிய இம்முறையில் மூலிகைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவிய துணியைச் சுற்றி மூங்கில் பட்டைகளை வைத்துக் கட்டுவார்கள். சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்காத தெரு குறைவு. கை எலும்பின் எளிய முறிவுகளில் இது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. மூட்டு வேறு வகை. எலும்பு முனைகள் மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டிய இடத்தில், உள்ளே என்ன நேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் வாரக்கணக்கில் கட்டிவைத்தால், எலும்பு கூடினாலும் மூட்டு பிடித்துக்கொள்ளும்.

ஆங்கில மருத்துவமும் இதே தவற்றை நெடுங்காலம் செய்தது. டச்சுப் படை மருத்துவர் ஆண்டோனியஸ் மத்தைசன் 1850களின் தொடக்கத்தில் உலர்ந்த ஜிப்சம் தூவிய துணிக்கட்டை அறிமுகப்படுத்தினார். அதுவே நம் மாவுக்கட்டு. லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் 1870களில் முழங்கால் நோய்க்கு ஓர் இரும்பு வளையக் கட்டுச் சட்டத்தை வடிவமைத்தார். ஓய்வு கட்டாயமாக, இடைவிடாமல், நீண்டதாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் இறந்து ஒரு தலைமுறைக்குப் பின், முதல் உலகப்போரில், அவருடைய உறவினரும் மாணவருமான இராபர்ட் ஜோன்ஸ் அச்சட்டத்தைத் தொடை எலும்பு முறிந்த வீரர்களுக்குப் போர்க்களத்திலேயே பூட்டச் செய்தார். அத்தகைய காயத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த இறப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதாகப் போர்க்கால மருத்துவர்கள் பதிந்திருக்கிறார்கள். தாமஸ் சட்டம் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

உயிரைக் காத்த ஓய்வுதான் காலை முடக்கவும் செய்தது. பிரான்சின் ழுஸ்த் லூக்கா-ஷாம்பியோனியேர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அசைவுதான் உயிர் என்று வாதிட்டு, முறிவுகளுக்கு நீவுதலையும் முன்கூட்டிய அசைவையும் பரிந்துரைத்தார். பெரும்பாலோர் தாமஸ் பக்கமே நின்றனர். ஓய்வா, அசைவா என்ற இந்த வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

திருமணி

செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள திருமணியில் 1920களில் அமைந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் பெரும் பரப்பில் விரிந்த ஒரு குடியிருப்பு. 1955இல் இந்திய அரசு அதை ஏற்று நடுவண் தொழுநோய் பயிற்சி, ஆய்வு நிறுவனமாக்கியது. பேருந்து அவ்வழியே போகும்போது பெரியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். நாங்களும் அப்படியே வளர்ந்தோம். உலக மருத்துவ நூல்களில் செங்கல்பட்டு என்ற பெயர் இருமுறை வருகிறது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒன்று 1968இல் இங்கே தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, மற்றது இந்தத் திருமணி.

இல்லத்தை 1930களின் நடுவிலிருந்து நடத்தியவர் இராபர்ட் காக்ரேன் என்ற தோல் மருத்துவர். சல்போன் வகை மருந்துகளைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்புக்கும் சென்றார். 1946இன் இறுதியில் வேலூருக்கு வந்து சேர்ந்த இளம் அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் 1947இல் செங்கல்பட்டுக்கு அழைத்தார். பிராண்ட் நம் நாட்டில், கொல்லிமலையில், பிறந்தவர். எலும்பு மூட்டு அறுவை கற்றவர்.

திருமணியில் பிராண்ட் கண்டது விரல்கள் நகம்போல வளைந்து மடங்கிய கைகளை. அந்நோயாளிகளுக்கு எந்த எலும்பு மூட்டு மருத்துவரும் இதுவரை எதுவும் செய்து பார்க்கவில்லை என்று காக்ரேன் சொன்னார். அழுகிவிடும் சதை, செய்தாலும் ஆறாது என்பதே அன்றைய எண்ணம். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். நோயாளி அழுத்திய அழுத்தில் அவருக்கு வலி எடுத்தது. செயலிழந்த கை என்று எல்லோரும் நினைத்த கைக்குள் வலுவான தசைகள் இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகளுக்குச் செல்லும் நரம்புகள் மட்டுமே கெட்டிருந்தன, முழங்கைக்குக் கீழுள்ள பெருந்தசைகள் நல்ல நிலையில் இருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வேறிடத்தில் கட்டினால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது. 1948இல் வேலூரில் அந்த அறுவைகள் தொடங்கின.

நம் முழங்காலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கியதும் வேலூரில் தெரிந்துகொண்ட முதல் பாடம், விறைத்துப்போன விரலுக்கு எவ்வளவு நல்ல நாணைக் கட்டினாலும் அது அசையாது என்பது. நாண் இழுக்கும், மூட்டு மடங்காது. எனவே அறுவைக்கு முன் வாரக்கணக்கில் எண்ணெய் தடவி, மெழுகில் தோய்த்து, விரல்களை நீட்டி நீட்டி மூட்டைத் தளர்த்தினார்கள். எந்தத் தசையை மாற்றப்போகிறார்களோ அதைத் தனியாக அசைக்க நோயாளிக்குக் கற்பித்தார்கள். அறுவைக்குப் பின் மாவுக்கட்டைப் பிரித்ததும், விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இப்போது வேறு வேலை செய்கிறது என்பதை மூளைக்குப் புரியவைக்கும் பயிற்சி வேறு. அறுவை ஓரிரு மணி நேரம், அதன் இரு பக்கமும் மாதங்கள். இயன்முறைச் சிகிச்சை என்பது அறுவைக்குப் பின் தரும் ஒத்தடம் என்று இருந்த நிலை மாறி, அறுவையின் பாதி வேலை அதுவே என்று தமிழ்நாட்டில் நடைமுறையில் காட்டியவர்கள் இந்தக் கைகளை உடையவர்கள். பேருந்தில் முகம் திருப்பிக்கொண்டோமே, அவர்கள்.

மேரி வர்கீஸ்

1954இல் வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் சிலர் சென்ற வண்டி சாலையில் கவிழ்ந்தது. அவர்களுள் ஒருவர் கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்து முடித்திருந்த மேரி வர்கீஸ். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் எண்ணம். விபத்தில் முதுகுத் தண்டுவடம் சேதமடைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது.

அக்காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் இறப்பதே வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 1944இல் தனிப்பிரிவு தொடங்கி, அத்தகையோர் நீண்டகாலம் வாழவும் விளையாடவும் முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவில் அப்படி ஓர் இடம் இல்லை. மேரி பல அறுவைகளைக் கடந்து சக்கர நாற்காலியில் உட்காரும் நிலைக்கு வந்தார். பிறகு என்ன செய்வது?

பிராண்ட் சொன்ன வழி எளிமையானது. கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். பிற அறுவைகளில் மருத்துவர் நிற்க வேண்டும், கை அறுவையில் நோயாளியின் கை ஒரு சிறு மேசைமேல் நீட்டப்பட்டிருக்கும். மேரி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். கால் செயலிழந்த மருத்துவர் கை செயலிழந்தவரைக் குணப்படுத்துகிறார். தாம் மகப்பேறு மருத்துவர் ஆகவில்லையே என்று அவர் வருந்தினாரா என்பதைவிட, அந்நோயாளிகள் அவரைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் பயிற்சி செய்ய வேண்டும் என்று சக்கர நாற்காலியில் இருப்பவர் சொன்னால், முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தாமே குளிப்பது போன்றவற்றைக் கற்பது அதில் அடங்கும். அங்கிருந்து நியூயார்க் சென்று ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். ரஸ்க் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படை மருத்துவராக இருந்தவர். காயம் ஆறும்வரை வீரர்கள் மருத்துவமனையில் சும்மா படுத்துக் கிடப்பதைப் பார்த்து, அந்த நாட்களைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் உரியவையாக மாற்றியவர். அறுவை முடிந்ததும் மருத்துவம் முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை எதிர்த்தவர்.

மேரி 1960களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத்துக்கென ஒரு துறையை நடத்தினார். இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி அது. 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1986இல் காலமானார். பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு ஒரு பக்கமாவது இருக்கலாம். நான் பாடம் நடத்திய ஆண்டுகளில் அப்படி ஒரு பாடத்தைக் கண்டதில்லை. நானும் இப்போதுதான் படிக்கிறேன்.

தொடைத் தசை

முழங்காலின் பக்கம் திரும்புவோம். மூட்டுக்குள் நீர் கோத்தால், முன்தொடைத் தசைக்கு மூளையிலிருந்து போகும் கட்டளை தானாகவே குறைந்துவிடுகிறது. வலி இல்லாவிட்டாலும் இது நடக்கும். சில வாரங்களில் தொடை மெலிவது கண்ணுக்கே தெரியும். அத்தசைதான் படி ஏறும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முழங்காலைத் தாங்குகிறது.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில் சிகாகோவின் படை மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர் இந்த மெலிந்த தொடைகளோடு மல்லாடினார். காயம் ஆறியும் நடக்க முடியாத வீரர்களால் கட்டில்கள் நிரம்பியிருந்தன. எடை இல்லாமல் பலமுறை காலை ஆட்டுவதே அதுவரை வழக்கம். பளு தூக்கும் பழக்கமுடைய டெலார்ம், ஒருவரால் பத்துமுறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, அதை அளவாக வைத்து வாரந்தோறும் ஏற்றிக்கொண்டே போனார். 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே பளுப் பயிற்சி மருத்துவத்துக்குள் நுழைந்தது. பத்துப் பத்தாகச் செய்யுங்கள் என்று இன்று எந்தப் பிசியோதெரபிஸ்ட் சொன்னாலும் அந்தப் பத்துக்கு மூலம் பெரும்பாலும் அவரே.

முழங்கால் அறுவையின் வரலாறு இதற்கு இணையாகத் தனியே நடந்தது. அதை விரைவாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் தெமிஸ்டோகிளஸ் குளுக் 1890களில் யானைத் தந்தத்தால் மூட்டு செய்து பொருத்திப் பார்த்தார், தொற்றால் நிலைக்கவில்லை. இங்கிலாந்தின் ஹே குரோவ்ஸ் 1917இல் தொடையிலிருந்து எடுத்த இழைப்பட்டையால் அறுந்த முன்குறுக்கு நாரை மீட்டமைத்தார். டோக்கியோவில் கென்ஜி தக்காகி 1918இல் சிறுநீர்ப்பை நோக்கியை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனாபே 1962இல் சிறு துளை வழியாகவே கிழிந்த பிறைக்குருத்தெலும்பை வெட்டி எடுத்தார். இன்று நம் ஊரில் "லேப்ராஸ்கோப்பி மாதிரி முட்டிக்குச் செய்வது" என்று சொல்லப்படும் அறுவை இதுதான். 1970களில் அமெரிக்காவில் ஜான் இன்சால் குழுவினர் வடிவமைத்த மூட்டு, இன்றைய மூட்டு மாற்று அறுவையின் முன்மாதிரி.

இரு வரலாறுகளும் சந்தித்தது 1990களின் தொடக்கத்தில். முன்குறுக்கு நார் அறுந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே அறுவை செய்தால் மூட்டு விறைத்துப்போவது அதிகம் என்றும், மூன்று வாரமோ அதற்கு மேலோ கழித்துச் செய்தால் குறைவு என்றும் அமெரிக்காவில் ஷெல்போர்ன் குழுவினர் 1991இல் எழுதினர். பின்வந்தோர், நாள் கணக்கைவிட வீக்கம் வற்றி மூட்டு முழுதாக நீள்கிறதா என்பதே முக்கியம் என்று திருத்தினர். விறைத்த விரலுக்கு நாண் கட்டிப் பயனில்லை என்று வேலூரில் கண்ட அதே செய்தி, நாற்பது ஆண்டு கழித்து வேறு மூட்டில். மூட்டு மாற்று அறுவையிலும், அறுவைக்கு முன் முன்தொடைத் தசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது ஓராண்டு கழித்து நோயாளி எப்படி நடப்பார் என்பதை முன்கூட்டிக் காட்டுவதாக 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது.

எல்லாக் காயமும் காத்திருக்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் அடிபட்டுப் பாதம் சில்லிட்டிருந்தாலும், மூட்டு முற்றிலும் நழுவியிருந்தாலும் மணிக்கணக்கில் செயல்பட வேண்டும். அங்கே பொறுத்திருந்தால் காலே போகலாம்.

முதல் நாற்பத்தெட்டு மணி நேரம்

அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையம் அலைய வேண்டும் என்ற அச்சம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. காவல்துறை வழக்கு என்று சொல்லி மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியதும் உண்டு. பரமானந்த கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், உயிர் காப்பதே எந்த மருத்துவருக்கும் முதல் கடமை, சட்ட நடைமுறை பிறகு என்று தீர்ப்பளித்தது. உதவி செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை அதே நீதிமன்றம் 2016இல் உறுதிப்படுத்தியது. 2019இன் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதைச் சட்டப்பிரிவாகவே ஆக்கியது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டவர் ஆட்டோவிலோ லாரியிலோதான் வருவார். முறிந்த கால் தொங்கிக்கொண்டிருக்கும்.

2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இந்த மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த மாநிலத்தவர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி உண்டு. 600க்கும் மேற்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகள் இதில் சேர்ந்தன. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை என வரம்பு வைத்தார்கள். நடுவண் அரசும் 2025இல் ஏழு நாட்களுக்கு ஒன்றரை இலட்சம் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது.

இவை உயிர் காக்கும் திட்டங்கள், அதில் ஐயமில்லை. ஆனால் முழங்கால் 48 மணி நேரத்தில் தீருகிற காரியம் அல்ல. இதுவரை சொன்ன வரலாறே அதற்குச் சான்று. நார் அறுந்தவருக்கு அறுவை பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு வருகிறது. அறுவைக்கு அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் துணை நிற்கலாம். இடைப்பட்ட வாரங்களில் தினமும் ஆட்டோ பிடித்துப் பயிற்சிக்குப் போய்வர, கூலி இழப்பைத் தாங்க, அப்படிப் பொறுப்பான எவரும் இல்லை. ஓய்வூதியம் வாங்கும் நான் வீட்டில் உட்கார்ந்து காலை நீட்டலாம். கோவளத்துச் சந்தையில் கூடை சுமக்கும் பெண்ணோ, மாமல்லபுரத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து உளி பிடிக்கும் சிற்பியோ எத்தனை வாரம் பொறுப்பார்கள்? பொறுக்க முடியாதவர்தான் கட்டுப்போடும் இடத்தையும் உடனே அறுவை செய்துதரும் இடத்தையும் தேடிப் போகிறார். அது அறியாமையால் மட்டும் அல்ல என்பது, அடிபட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

காத்திருக்கும் நாட்களில்

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை பெரிய மருத்துவ இரகசியங்கள் அல்ல. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து முழங்காலை நீள விடுவது, தொடையை இறுக்கிச் சில நொடி பிடித்து விடுவது, காலை நேராக உயர்த்துவது ஆகியவை பயிற்சிகள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருதல், புகையை நிறுத்துதல், சொத்தைப் பல்லையும் தோல் புண்ணையும் முதலில் சரிசெய்தல் ஆகியவை செயற்கை மூட்டில் தொற்று வராமல் காக்க. வாக்கரை அறுவைக்குப் பின் முதன்முதலாகத் தொடுவதைவிட முன்பே பிடித்துப் பழகுவது நல்லது. வலி மயக்கத்தில் புதிதாக எதையும் கற்க முடியாது என்பது வகுப்பறையில் இருந்த எவருக்கும் தெரியும்.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். மூட்டு மாற்றியவர் தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் விலக்கச் சொல்கிறார்கள். மேலைநாட்டு நூல்களில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நமக்கோ சாப்பாடு, பூசை, கழிப்பறை, விருந்தினரோடு பேச்சு எல்லாம் தரையோடு. எங்கள் வீட்டில் குந்தும் கழிப்பறையை உடைத்து மாற்ற நான்கு நாள் ஆயிற்று. வாடகை வீட்டில் இருப்பவர் இதற்கும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். கழிப்பறைமேல் வைக்கும் இரும்பு நாற்காலி ஒன்று மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது, அவர்களுக்கு அது போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் நடுவண் அரசு நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. மறுவாழ்வுத் துறைப் பணியாளர்களுக்கு அங்கே பயிற்சி தரப்படுகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. தாலுகா மருத்துவமனைகளிலும் பயிற்சிக்கென ஓர் அறையும் ஒரு பணியாளரும் எல்லா நாளும் இருந்தால், மேலே சொன்ன ஆட்டோச் செலவு பாதியாகக் குறையும்.

எனக்குப் பயிற்சி தரும் பெண் செங்கல்பட்டுக்காரர், என் பேத்தி வயது இருக்கும். திருமணியையும் பிராண்டையும் பற்றிச் சொன்னேன். "அப்படியா சார்? சரி, பேசிக்கிட்டே காலைத் தூக்குங்க" என்றார். முதல் வாரம் வெறுங்காலையே மூன்று முறைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. இப்போது கணுக்காலில் அரைக்கிலோ மணல் பை. டெலார்ம் கணக்கில் பத்து முறை வந்துவிட்டது. அடுத்த வாரம் முக்கால் கிலோ என்று சொல்லியிருக்கிறார். அறுவைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.